மந்த காலத்தில் சிறு நிறுவனத்துக்குப் பதின்மூன்று வாரத் திட்டம்

நஷ்டத்தில் ஓடும் சிறு நிறுவனம் இரண்டு ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடித்துவிடும். சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பணம் இல்லாத நிறுவனம் மூன்று வாரம் தாண்டுவது அரிது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு இந்த வேறுபாடு மந்தம் வந்த பிறகுதான் புரிகிறது. வங்கிக் கடனுக்காக ஆடிட்டர் தயாரித்துக் கொடுத்த ஐந்தாண்டுத் திட்ட அறிக்கை பீரோவில் பத்திரமாக இருக்கும். அடுத்த மாதம் 20ஆம் தேதி கையில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டால் பதில் இருக்காது.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்குத் திருப்பூரை எடுத்துக்கொள்கிறேன். அடிபட்டு எழுந்த ஊர்களில் அதற்கு ஈடு குறைவு. 2008இல் உலக நிதி நெருக்கடி, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடல், 2016இல் பணமதிப்பிழப்பு, 2020இல் பொதுமுடக்கம், 2022இல் நூல் விலை உயர்வு, 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி. காரணங்கள் ஒவ்வொன்றும் வேறு. ஆனால் அவை ஒரு சிறிய தையல் யூனிட்டுக்குள் நுழையும் வழி ஒன்றுதான். முதலில் ஆர்டர் தள்ளிப்போகும். பிறகு ரேட்டைக் குறைக்கச் சொல்வார்கள். கடைசியில், முடித்துக் கொடுத்த வேலைக்கான பணமே தாமதமாகும். மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது. திட்டத்தையும் அதை மையமாக வைத்தே எழுத வேண்டும்.

சொந்தமாக ஏற்றுமதி செய்யாமல், பெரிய நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க், அதாவது அவர்கள் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இருபது, முப்பது மெஷின் யூனிட் ஒன்றை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவரும் சிவகாசியில் அச்சகம் நடத்துபவரும் பீஸ் என்ற இடத்தில் தங்கள் அலகைப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் படி: மூன்று பட்டியல்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். அன்று மெஷின் ஓடாது, போன் குறைவாக வரும்.

முதல் பட்டியல், கையில் உள்ள பணம்: வங்கி இருப்பு, ரொக்கம், கேஷ் கிரெடிட் (வங்கி வைத்த வரம்புக்குள் வேண்டியபோது எடுக்கும் கடன்) கணக்கில் இன்னும் எடுக்கக்கூடிய தொகை. கடைசியில் சொன்னதைத் தனியாக எழுதுங்கள். அது உங்கள் பணம் ஆகாது.

இரண்டாவது, வரவேண்டியது. பெரும்பாலான யூனிட்களில் இதற்குரிய சான்றெல்லாம் மேஜை மேல் ஒரு கம்பியில் குத்தியிருக்கும்: பில் நகல், டெலிவரி சலான், கையால் எழுதிய பீஸ் கணக்கு. ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். சில சலான்களில் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து இருக்காது. சிலவற்றில் 1,200 பீஸ் என்று அச்சிட்டு, பேனாவால் 1,140 என்று திருத்தியிருப்பார்கள். யார் திருத்தியது என்று தெரியாது. இந்தக் குறைகள் நல்ல காலத்தில் பொருட்டாவதில்லை. மந்த காலத்தில் பணத்தை நிறுத்திவைக்க விரும்புபவர் முதலில் பிடிப்பது இவற்றைத்தான். ஆகவே ஒவ்வொரு பில்லுக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: தொகை, பில் தேதி, ஒப்புக்கொண்ட நாள், அந்த நிறுவனம் கடந்த சில பில்களுக்கு உண்மையில் எடுத்துக்கொண்ட நாட்கள். சான்று சரியாக இல்லாத பில்லுக்கு ஒரு குறி போடுங்கள். அவற்றை இந்த வாரமே நேரில் போய்ச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது, கொடுக்கவேண்டியது. தொகையோடு, கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் குறிப்பு பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் படி: ஒரு பீஸுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது?

இங்கே நிதானமாக இருங்கள். மற்ற எல்லா முடிவும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

24 மெஷின் உள்ள ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. உங்கள் எண்களை நீங்கள் போட வேண்டும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதாமாதம் போகும் செலவு: வாடகை 35,000 ரூபாய், மின் இணைப்பின் நிலைக்கட்டணம் 5,000, சூப்பர்வைசர், மெக்கானிக், கணக்கர் சம்பளம் 75,000, மெஷின் கடன் தவணை 40,000, உங்கள் வீட்டுச் செலவு 35,000, மற்றவை 10,000. மொத்தம் 2 லட்சம். தவணையில் உள்ள அசலை ஆடிட்டர் செலவாகக் கொள்ளமாட்டார். இங்கே நாம் லாப நஷ்டக் கணக்கு எழுதவில்லை, பணம் எப்போது வெளியே போகிறது என்று பார்க்கிறோம். அதனால் அசலும் இதில் சேரும். வீட்டுச் செலவைச் சேர்க்காமல் விடுவது புதியவர்களிடம் நான் அதிகம் காணும் பழக்கம். பள்ளிக் கட்டணமும் மளிகையும் கம்பெனிப் பணத்திலிருந்துதான் போகின்றன. ஏட்டில் ஏறாததால் அவை இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்து பீஸ் கணக்கு. ஒரு டி-சர்ட் தைத்து, செக்கிங், அயர்னிங் முடித்துக் கொடுக்க 22 ரூபாய் கிடைக்கிறது. தையல்காரர், உதவியாளர் கூலி 14 ரூபாய். நூல், ஊசி, மின்சாரம், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 3 ரூபாய். ஆக 17 ரூபாய் போய் 5 ரூபாய் மிஞ்சுகிறது. 2 லட்சத்தை 5ஆல் வகுத்தால் 40,000. மாதம் 40,000 பீஸ் தைத்தால் கையைக் கடிக்காது.

மந்தம் வந்து ஆர்டர் 28,000 பீஸாகக் குறைகிறது. மிஞ்சுவது 1,40,000 ரூபாய். மாதம் 60,000 துண்டு விழும். வலிக்கும், ஆனால் சமாளிக்க முடியும். இந்த நிலையில் வாங்குபவர் ரேட்டை 22இலிருந்து 19ஆகக் குறைக்கச் சொல்கிறார். மூன்று ரூபாய்தானே என்று தோன்றும். மிஞ்சுவது பீஸுக்கு 2 ரூபாய் ஆகிவிடுகிறது. இப்போது கையைக் கடிக்காமல் இருக்க மாதம் ஒரு லட்சம் பீஸ் தைக்க வேண்டும். 24 மெஷினில் அது நடக்காது. அதே 28,000 பீஸ் தைத்தால் துண்டு விழுவது 1,44,000 ரூபாய். ரேட் குறைந்தது 14 சதவீதத்துக்கும் குறைவு. துண்டு விழும் தொகை இரண்டு மடங்குக்கும் மேல்.

இதிலிருந்து இரண்டு எல்லைகளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 17 ரூபாய்க்குக் கீழ் எந்த ஆர்டரும் வேண்டாம். தைக்கத் தைக்கக் கடன்தான் கூடும். 17க்கும் 22க்கும் இடையில் வரும் ஆர்டரை இரண்டு நிபந்தனைகளோடு எடுக்கலாம்: பணம் விரைவில் வர வேண்டும், ஆர்டருக்கு முடியும் தேதி இருக்க வேண்டும். ஆட்களைத் தக்கவைக்கவும் நிலைச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டவும் அது உதவும். “இந்த ஆர்டருக்கு மட்டும் இந்த ரேட்” என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை இறங்கிய ரேட் தானாக ஏறாது.

சும்மா இருப்பதைவிட வேலை ஓடினால் நல்லதுதானே என்று பலர் சொல்வார்கள். 18 ரூபாய் ஆர்டரைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. 16 ரூபாய் ஆர்டரைப் பொறுத்தவரை தவறு. எது எதுவென்று சொல்லக்கூடியது இந்தக் கணக்கு மட்டுமே.

மூன்றாம் படி: பதின்மூன்று வார அட்டவணை

ஏன் பதின்மூன்று? மூன்று மாதம், ஒரு காலாண்டு. அதற்கு மேல் மந்த காலத்தில் யாராலும் சரியாகக் கணிக்க முடியாது. அதற்குக் குறைவாகப் பார்த்தால், வரப்போகும் பள்ளத்தைப் பார்த்த பிறகு எதையும் செய்ய நேரம் இருக்காது.

மாதக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கு போடுங்கள். திருப்பூரில் பீஸ் ரேட் ஆட்களுக்குச் சனிக்கிழமைதான் சம்பளம். மேலே சொன்ன யூனிட்டில் 28,000 பீஸுக்கான கூலி மாதம் 3,92,000 ரூபாய். வாரத்துக்கு ஏறத்தாழ 90,000. மாத முடிவில் கணக்கு சரியாக வந்தாலும் இரண்டாம் சனிக்கிழமை 40,000 குறைந்தால் குறைந்ததுதான். அதை மாதக் கணக்கு காட்டாது.

ஒரு நீளமான நோட்டுப் புத்தகமோ எக்செல் தாளோ போதும். மேலே பதின்மூன்று சனிக்கிழமைகளின் தேதிகள். இடப்பக்கம் கீழ்நோக்கி: வாரத் தொடக்க இருப்பு, வரவு, செலவு, வார முடிவு இருப்பு. செலவை அதற்குரிய தேதியின் வாரத்தில் எழுதுங்கள். வங்கித் தவணை 5ஆம் தேதி என்றால் அந்த வாரம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15ஆம் தேதிக்குள். மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவருக்கு 20ஆம் தேதி. வாடகை, மின் கட்டணம், ஆடிட்டர் கட்டணம், மெஷின் சர்வீஸ் என்று எல்லாமே ஏற வேண்டும். செப்டம்பரில் அட்டவணை தொடங்கினால் தீபாவளி போனஸ் அதற்குள் விழுந்துவிடும். சட்டப்படியான குறைந்தபட்சப் போனஸே ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளத்துக்கு நெருங்கிய தொகை. கடைசி வாரத்தில் அதைத் தேடி ஓடும் முதலாளி எந்த வட்டிக்கும் தலையாட்டுவார்.

வரவை எழுதும்போது ஒரே விதி: வாங்குபவர் சொன்ன தேதி வேண்டாம், அவர் நடந்துகொண்ட தேதியை எழுதுங்கள். 30 நாள் என்று சொல்லிவிட்டு 52 நாளில் கொடுப்பவருக்கு 52. சந்தேகத்துக்குரிய பில்லை அட்டவணையில் ஏற்றவே வேண்டாம், வந்தால் வரட்டும்.

இப்போது பணம் தாமதமாவது என்ன செய்கிறது என்று பாருங்கள். 28,000 பீஸ், 22 ரூபாய். மாதப் பில் 6,16,000. வாங்குபவர் 30 நாளில் கொடுத்துக்கொண்டிருந்தார். 75 நாளாக இழுக்கிறார். முன்பு வெளியே நின்றது ஒரு மாதப் பில், இப்போது இரண்டரை மாதப் பில்: 15,40,000 ரூபாய். கூடுதலாகச் சிக்கியது 9,24,000. ஆர்டர் குறைந்ததால் மாதம் 60,000 துண்டு விழுகிறது என்று கவலைப்பட்டோம். பதினைந்து மாதத் துண்டுத் தொகைக்கு மேலானது, பணம் 45 நாள் பிந்தியதாலேயே கையைவிட்டுப் போய்விட்டது. அதற்குள் அந்தப் பில்களுக்கு 5 சதவீத ஜிஎஸ்டியும் உங்கள் கையிலிருந்து கட்டியிருப்பீர்கள். வாங்குபவர் பணம் கொடுத்தாரா என்று வரித்துறை கேட்பதில்லை.

அட்டவணை முடிந்ததும், வார முடிவு இருப்பு முதன்முதலாகப் பூஜ்யத்துக்குக் கீழே போகும் வாரத்தைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். ஒன்பதாம் வாரம் என்றால் உங்களுக்கு எட்டு வாரம் இருக்கிறது. அடுத்து வரும் படிகள் எல்லாம் அந்த வட்டத்தை வலப்பக்கம் தள்ளுவதற்கே.

நான்காம் படி: வரவேண்டிய பணத்தை வரவழைப்பது

உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் (எம்எஸ்எம்இ) தொழில்களுக்கான அரசுப் பதிவு. அது இல்லாதவர் இந்தப் பத்தியைப் படித்து முடித்ததும் அதைச் செய்துவிடுங்கள். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பதிவு அரசு இணையதளத்தில் முற்றிலும் இலவசம். ஆதார், பான் எண்களும், ஜிஎஸ்டி பதிவு உள்ளவருக்கு அந்த எண்ணும் போதும். பணம் கேட்கும் போலித் தளங்கள் உண்டு, கவனம். வேலையைக் கொடுத்த பிறகு பதிவு செய்தால் பழைய பில்லுக்குச் சட்டப் பாதுகாப்பு கோருவது சிக்கலாகிவிடும். எனவே தள்ளிப்போடாதீர்கள்.

பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம் தரும் பாதுகாப்பு வலுவானது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் வர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாந்திரக் கூட்டு வட்டியாக. இத்தகைய பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் இணையவழியாக மனுச் செய்யலாம்.

சட்டம் இப்படி. நடைமுறையில், தொடர்ந்து வேலை கொடுக்கும் நிறுவனத்தின் மேல் ஜாப் ஒர்க்காரர் மனுப் போடமாட்டார். அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற அவர் அச்சம் நியாயமானது. தைரியமாகப் போடுங்கள் என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். உறவு முறிந்துபோன பழைய பாக்கிக்கு மன்றத்துக்குப் போங்கள். உறவு இருக்கும் இடத்தில் வேறு இரண்டு பிடிகள் உண்டு. இரண்டும் வாங்குபவரின் ஆடிட்டர் வழியாக வேலை செய்யும்.

ஒன்று, வருமான வரியில் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதன் எண் 43பி(எச்)). குறு, சிறு நிறுவனத்துக்குரிய தொகையை 15 அல்லது 45 நாள் கெடுவுக்குள் கொடுக்காதவர், உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். மார்ச் 31இல் பாக்கி நின்றால் அவருக்கு அந்த ஆண்டு வரி கூடும். ஆகவே ஒவ்வொரு பில்லின் மேலும் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். சான்றிதழ் நகலை அவருடைய கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதத்தோடு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சண்டை இல்லை, மிரட்டல் இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் அவர் ஆடிட்டர் பாக்கிப் பட்டியலைப் பார்க்கும்போது உங்கள் பெயர் மேலே வரும். இந்த விதி உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும் பொருந்தும். வாங்கி விற்கும் வியாபாரிக்குப் பொருந்தாது.

மற்றொன்று, ஜிஎஸ்டியில் உள்ள 180 நாள் விதி. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காத வாங்குபவர், அந்தப் பில்லில் எடுத்த உள்ளீட்டு வரி வரவை (பில்லில் உள்ள வரியைத் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொண்டதை) வட்டியோடு திருப்ப வேண்டும். 150ஆம் நாள் இதை நினைவூட்டிப் பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பெரிய நிறுவனத்துக்கு நேரடியாக வேலை செய்பவர்கள் டிரெட்ஸ் தளங்களைப் பயன்படுத்தலாம். பில்லை அங்கே ஏற்றி, வாங்குபவர் ஏற்றுக்கொண்டால், வங்கிகள் போட்டியிட்டுத் தள்ளுபடி செய்து பணம் கொடுக்கும். பிறகு வாங்குபவர் கட்டாவிட்டாலும் உங்களிடம் திரும்பக் கேட்க முடியாது. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள நிறுவனங்கள் இதில் பதிவு செய்வது கட்டாயம். நடுத்தர ஏற்றுமதியாளருக்குத் தைப்பவருக்கு இது அவ்வளவாகக் கைகொடுக்காது.

சட்டத்தைவிட அன்றாடம் பயன் தருவது பழக்கம். சலானில் தேதி, சைஸ்வாரியாக எண்ணிக்கை, பெற்றவர் கையெழுத்து மூன்றும் இல்லாமல் வண்டி திரும்பக் கூடாது. சரக்கு போன அன்றே பில். மந்த காலத்தில் தரக் குறை என்று பில் தொகையில் கழிக்கும் டெபிட் நோட் வருவது அதிகரிக்கும். “குறை இருந்தால் ஏழு நாளுக்குள் பீஸைக் காட்டுங்கள்” என்ற வரியைச் சலானிலேயே அச்சிட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை பணம் கேட்காதீர்கள். அன்று எல்லோரும் கேட்பார்கள். செவ்வாய், புதனில் நேரில் போனால் சனிக்கிழமைக்குக் காசோலை தயாராகும். முழுத் தொகை இல்லை என்றால் மூன்றாகப் பிரித்துத் தேதியிட்ட காசோலை கேளுங்கள். காசோலை பணமின்றித் திரும்பினால், வங்கி அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: யாருக்கு முதலில் கொடுப்பது?

பணம் போதாதபோது சத்தமாகக் கேட்பவருக்கு முதலில் கொடுத்துவிடுகிறோம். அதைத் தவிர்க்கத்தான் முதல் படியில் “கொடுக்காவிட்டால் என்ன நடக்கும்” என்று எழுதச் சொன்னேன்.

என் வரிசை இது. தொழிலாளர் கூலி முதலிடம். அடுத்து, அவர்கள் சம்பளத்தில் பிடித்த பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகை. அது அவர்கள் பணம். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம். பிறகு மின் கட்டணம். இணைப்பு போனால் எல்லாம் நிற்கும். பிறகு வங்கித் தவணை, அதன் பிறகு ஜிஎஸ்டி. கட்டப் பணம் இல்லாவிட்டாலும் விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1ஐ உரிய தேதியில் தாக்கல் செய்யுங்கள். அது நின்றால் வாங்குபவருக்கு உள்ளீட்டு வரி வரவு வராது. உங்கள் பணத்தை நிறுத்த அவருக்கு நல்ல காரணம் கிடைத்துவிடும். தாமதமாகக் கட்டும் வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி உண்டு. கந்துவட்டியைவிட அது எவ்வளவோ மேல், ஆனால் தொடர்ந்து செய்யும் உத்தியாக அதைக் கொள்ளக் கூடாது.

கட்டட உரிமையாளரிடமும் நூல் கடைக்காரரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். தவணை தவறிய பிறகு பேசுபவருக்குக் கிடைக்காத சலுகை, ஒரு மாதம் முன்னால் அட்டவணையைக் காட்டிப் பேசுபவருக்குக் கிடைக்கும். காலியான கட்டடம் மந்த காலத்தில் அவருக்கும் சுமைதான். வேலை குறைந்து மெஷின்கள் நிற்கின்றன என்றால், அனுமதி பெற்ற மின்சுமையைக் குறைக்க விண்ணப்பித்து நிலைக்கட்டணத்தையும் குறைக்கலாம்.

ஆறாம் படி: வங்கிக்கு முதலிலேயே போங்கள்

தவணை ஒரு நாள் தவறினாலே வங்கிக் கணினியில் உங்கள் கணக்குக்கு எஸ்எம்ஏ-0 என்ற எச்சரிக்கைக் குறி விழும். 30 நாள் தாண்டினால் எஸ்எம்ஏ-1, 60 நாள் தாண்டினால் எஸ்எம்ஏ-2, 90 நாள் தாண்டினால் வாராக்கடன். ஒவ்வொரு படியிலும் மேலாளரின் கை மேலும் கட்டப்படுகிறது. எந்தக் குறியும் விழாத கணக்குக்கு அவரால் செய்யக்கூடியது, எஸ்எம்ஏ-2 கணக்குக்குச் செய்ய முடியாது.

சிவப்பு வட்டம் ஒன்பதாம் வாரத்தில் இருக்கிறது என்றால் இரண்டாம் வாரத்திலேயே கிளைக்குப் போங்கள். கையில் மூன்று தாள்: பதின்மூன்று வார அட்டவணை, பாக்கிப் பட்டியல், பீஸ் கணக்கு. “சிரமமாக இருக்கிறது சார், பார்த்துச் செய்யுங்கள்” என்று பொதுவாகப் பேசாமல், “நவம்பர் முதல் ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டுகிறேன், அசலைப் பின்னால் சேர்த்துக் காலத்தை நீட்டித்துத் தாருங்கள்” என்று குறிப்பாகக் கேளுங்கள். 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள எம்எஸ்எம்இ நிறுவனங்களுக்கு, ரிசர்வ் வங்கி 2016இல் வகுத்த மறுவாழ்வு நடைமுறை இருக்கிறது. தொழில் முடங்கும் என்று நியாயமாக அஞ்சும் கடன்தாரர் தாமாகவே அதன்படி விண்ணப்பிக்கலாம். கடன் சீரமைப்பு உங்கள் கடன் வரலாற்றில் பதிவாகும் என்பதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேஷ் கிரெடிட் கணக்கு வைத்திருப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எடுக்கக்கூடிய தொகையை வங்கி உங்கள் சரக்கையும் பாக்கியையும் வைத்துத்தான் கணக்கிடுகிறது. பொதுவாக 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கியைக் கணக்கில் எடுப்பதில்லை. வாங்குபவர் பணத்தை இழுக்க இழுக்க, உங்களுக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில் வரம்பு சுருங்கும். வங்கிக்குக் கொடுக்கும் சரக்கு, பாக்கி விவரமான ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் எண்ணை ஏற்றிக் காட்டி இதைச் சமாளிக்கச் சொல்லித்தரும் ஆட்கள் இருக்கிறார்கள். அது வங்கியை ஏமாற்றும் குற்றம், காதில் வாங்காதீர்கள்.

புதுக் கடன் தேவையென்றால், சொத்துப் பிணை இல்லாதவர்களுக்கு சிஜிடிஎம்எஸ்இ என்ற கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளையின் உத்தரவாதத்தின் கீழ் வங்கி கடன் தர முடியும். இல்லை என்று கிளையில் சொன்னால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஆனால் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வரவு பிந்துவதால் வந்த பள்ளத்தைக் கடன் நிரப்பும். பீஸுக்குப் பீஸ் நஷ்டம் என்றால் கடன் அந்த நஷ்டத்தை நீட்டிக்கும். மீட்டர் வட்டி, தினத்தண்டல், போனில் உடனே பணம் தரும் செயலிகள் பக்கம் போகவே வேண்டாம். ஏலச்சீட்டைத் தொடக்க மாதங்களில் பெரிய தள்ளுபடிக்கு எடுப்பதும் அதிக வட்டிக் கடன்தான். கிடைக்கும் தொகையையும் இனிக் கட்டவேண்டிய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு ஏலம் கேளுங்கள்.

ஏழாம் படி: ஆட்கள்

திருப்பூரில் தைப்பவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். தென் மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அறையெடுத்துத் தங்கியிருப்பவர்கள். வேலை குறைகிறது என்ற வதந்தி அவர்களை உங்களுக்கு முன்னால் எட்டிவிடும். அதனால் முதல் வாரத்திலேயே நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள்: இந்த மாதம் இவ்வளவு பீஸ் இருக்கிறது, அடுத்த மாதம் இவ்வளவு எதிர்பார்க்கிறேன், கூலி பாக்கி வைக்கமாட்டேன். கடைசி வாக்கியத்தைக் காப்பாற்ற முடியும் என்று அட்டவணை சொன்னால் மட்டும் அதைச் சொல்லுங்கள்.

ஆட்களைக் குறைப்பதற்கு முன் நேரத்தைக் குறையுங்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடுவதை ஒரு ஷிப்ட் ஆக்கலாம். இருக்கும் பீஸை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கலாம். பத்து ஆண்டு அனுபவம் உள்ள ஓவர்லாக் தையல்காரர் ஊருக்குப் போய்விட்டால், ஆர்டர் திரும்பும் நாளில் அவர் வேறு கம்பெனியில் இருப்பார். சிலரை அனுப்பியே ஆக வேண்டுமென்றால், கணக்கை அன்றே முடித்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள். அவர்கள் குழந்தைகளும் இங்கேதான் பள்ளியில் படிக்கிறார்கள்; ஒரு மாத முன்னறிவிப்பு அவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை நினைத்துப் பாருங்கள்.

எட்டாம் படி: வேறு வேலை தேடுவது

இதைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதுவார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் மெஷின்களில் இன்றே தைக்கக்கூடியதை மட்டும் தேடுங்கள்: உள்நாட்டு உள்ளாடை, பள்ளிச் சீருடை, விளையாட்டுக் குழுக்களின் பனியன், காதர்பேட்டை மொத்த வியாபாரிகளுக்கான சரக்கு. புது மெஷின் வாங்கினால்தான் முடியும் என்ற வேலையை மந்த காலத்தில் தொடாதீர்கள். ஒரே நிறுவனம் உங்கள் வேலையில் பாதிக்கு மேல் கொடுக்கிறது என்றால், அது எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும், இரண்டாவது ஒன்றைப் பிடிப்பது அவசரம். உள்நாட்டு வியாபாரத்தில் கடன் நாள் நீளம். முதல் இரண்டு சரக்குக்காவது பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் தொடங்க வேண்டாம்.

ஒன்பதாம் படி: இப்போதே எழுதிவைக்கும் கோடுகள்

நெருக்கடியின் நடுவில் நல்ல முடிவு எடுப்பது கடினம். அதனால் மனம் தெளிவாக இருக்கும் இன்றே சில கோடுகளை எழுதி, வீட்டில் உள்ள ஒருவரிடம் ஒரு நகல் கொடுங்கள். உதாரணமாக: கையிருப்பு நான்கு வாரக் கூலிக்குக் கீழே வந்தால் வங்கிக்குப் போவேன். ஆர்டர் தொடர்ந்து இரண்டு மாதம் 25,000 பீஸுக்குக் கீழே இருந்தால் எட்டு மெஷினை வாடகைக்கு விட்டு, பாதிக் கட்டடத்தைக் காலி செய்வேன். கையிருப்பு இரண்டு வாரக் கூலிக்குக் கீழே வந்து, உறுதியான ஆர்டரும் கையில் இல்லையென்றால் மூடுவேன். மனைவியின் நகையும் இருக்கும் வீடும் இதற்குள் வராது என்று ஒரு கோடு கட்டாயம் வேண்டும். அதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் சம்பளம் போட்ட பிறகு அட்டவணையைத் திறந்து, முடிந்த வாரத்தில் நினைத்ததற்கு எதிரே நடந்ததை எழுதி, கடைசியில் புதிதாக ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் போதும். யார் எவ்வளவு தாமதிக்கிறார் என்பது இரண்டு மாதத்தில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். அடுத்த ரேட் பேச்சில் அந்தத் தாளோடு உட்காரலாம்.

மூடவேண்டிய கோடு வந்துவிட்டால் அதையும் முறைப்படி செய்யலாம். வரிசை இப்படி: புது ஆர்டரை நிறுத்தி, கையில் உள்ளதைத் தைத்து முடித்து, பில் போடுங்கள். தொழிலாளர் கணக்கை முதலில் தீருங்கள். மெஷின் வங்கிப் பிணையில் இருந்தால் வங்கிக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் சம்மதத்தோடு விற்றுக் கடனில் கழியுங்கள்; தெரியாமல் விற்றால் அது வேறு வழக்காகிவிடும். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்ய விண்ணப்பித்து, ரத்தான மூன்று மாதத்துக்குள் இறுதிப் படிவமான ஜிஎஸ்டிஆர்-10ஐத் தாக்கல் செய்யுங்கள். இதை விட்டுவிட்டுப் பிறகு நோட்டீஸ் வாங்குபவர்கள் ஏராளம். மின் இணைப்பை ஒப்படைத்து வைப்புத்தொகையைத் திரும்பக் கேளுங்கள். கட்டட முன்பணத்தையும் அப்படியே. வரவேண்டிய பாக்கிகளின் கோப்பை மட்டும் கட்டி வீட்டுக்கு எடுத்துவாருங்கள்; கம்பெனியை மூடிய பிறகும் அந்தப் பணத்தைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வசதியாக்க மன்றத்துக்குப் போகத் தடுத்த பழைய தயக்கத்துக்கும் இனிக் காரணம் இல்லை.